படத்தைப் பார்த்துப் படித்தவள்

இந்த ஊரில் மத்தியானம் ஆனால் கடைகளைச் சாத்திவிடுகிறார்கள். மளிகைக்கடைக்காரர் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கமாம். சிலோனில் எங்கள் தேயிலை மலையில் அது கொழுந்து நிறுக்கும் நேரம், கூடையோடு ஓடுவோம். இங்கே தெருவே தூங்கும்போது நான் ஒருவன் சைக்கிள் மிதித்து மில்லுக்கு இரண்டாம் ஷிப்ட் போகிறேன். கப்பலேறி வந்து இத்தனை வருஷமாகியும், அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்தவன் போலக் கூச்சமாக இருக்கிறது.

மலையில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல, கப்பலில் திரும்பியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்து சிதறிக் கிடப்பவர்களுக்கும் ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாம் வேலைக்குப் போகும்போது நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர், அதன் பள்ளிப் பாடத்தையும் பார்க்க வேண்டுமா?

தோட்டத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. விடியக்காலையில் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பரா என்கிற காப்பகத்தில் விட்டுவிட்டு மலையேறுவோம். அங்கிருந்த அம்மா பால் ஊற்றுவாள், ஏணையில் போட்டு ஆட்டுவாள். அந்தப் பிள்ளையும் வளர்ந்து கொழுந்து பறிக்கத்தானே போகிறது? எழுத்தைப் பற்றி அவளிடம் யார் கேட்பது?

இங்கே என் மகள் சந்திரா இரண்டாவது படிக்கிறாள். எட்டு வயது. முகாம் காகிதங்கள் இழுத்தடித்ததில் பள்ளியில் சேர்த்ததே தாமதம். அவள் அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறாள். பஸ் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். அவளுக்கு எழுத்தும் தெரியாது. பள்ளி விட்டதும் சந்திரா எங்கள் தெருக்கோடியில் பிலோமினம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் இல்லாத, தனியாக இருக்கிற கிறிஸ்தவ அம்மா. தம்பி பிரான்சில் இருக்கிறார். எப்போது பார்த்தாலும் அந்த அம்மா மடியில் தடித்த ஜெபப் புத்தகம் இருக்கும். நான் வாசற்படி தாண்டியதில்லை. அங்கேயே நின்று, “அம்மா, பிள்ள வாசிக்கிறதக் கொஞ்சம் கேட்டுக்கிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்” என்று கேட்டேன். மடியிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டு, “சரி தம்பி” என்றார்கள்.

நானே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன்தான். வந்த புதிதில் மில் போர்டில் ஒட்டியிருந்ததை, நம் பள்ளியில் சொல்லித்தந்தபடி ராகம் இழுத்து வாசித்தேன். “டேய், சிலோன்காரன் நோட்டீஸுக்கு மெட்டுப் போடுறான்டா!” என்று ஒருவன் கத்தினான். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். என் பேச்சு பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது, இந்த ஊர்ப் பேச்சிலேயே அவள் படிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

மார்கழியில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகத்தைப் பிரித்தார். சந்திரா கடகடவென்று சொன்னாள், எனக்கு நெஞ்சு நிறைந்தது. டீச்சர் படத்தைக் கையால் மறைத்தார். பிள்ளை நின்றுவிட்டாள். வேறு பக்கத்தில் ஒரு சொல்லைக் காட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“படத்தப் பாத்து மனப்பாடமாச் சொல்லுதுங்க. எழுத்து ஒண்ணும் தெரியல. பொங்கல் லீவு முடிஞ்சி வந்தும் இப்புடியே இருந்தா ஒண்ணாவதுலதான் உக்கார வெக்கணும்.”

வீட்டில் சொன்னதும் மனைவி கையிலிருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “எட்டு வயசுல மறுபடி சின்னப் பிள்ளைகளோட உக்காரணுமா? அப்படின்னா வேணாங்க. எங்கூட வெளக்கமாறு பிடிக்க வரட்டும்.” கோபத்தில் சொல்லவில்லை. அசந்துபோய்ச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மலையில் கூடை, இங்கே விளக்குமாறு. இதற்கா கடல் தாண்டினோம்?

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிலோமினம்மா வீட்டுப் படியேறினேன். முதல் தடவையாக உள்ளே போனேன். மேசையில் ஜெபப் புத்தகம் திறந்திருந்தது. அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

“இது பிரெஞ்சுங்களாம்மா?”

“பின்ன? எங்கள கான்வென்டுல கன்னிமாருங்க பிரெஞ்சுலதான் படிக்க வெச்சாங்க. தமிழு பேசுவேன். படிக்க வராது.”

“அப்ப ஏம்மா சரின்னீங்க?”

“நீ வாசல்ல கையக் கட்டிகினு நின்ன. எப்புடிப்பா இல்லன்னு சொல்றது? புள்ளயும் மட மடன்னு சொல்லிச்சி. சரியாத்தான் படிக்குதுன்னு நானும் தலையாட்டிகினு இருந்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, “ஆமா, நீ அஞ்சாவது படிச்சவனாமே. நீ ஏன் உக்காரல?” என்றார்கள்.

“எம் பேச்சு அதுக்கு ஒட்டிக்கிருமேன்னுதாங்கம்மா.”

“ஒட்டுனா ஒட்டட்டுமே! அதுக்குன்னு புள்ள ஒண்ணும் தெரியாம நிக்கிறதா? உக்காருய்யா.”

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறவர் வாத்தியாராகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் பிள்ளையின் சாயங்காலம் முழுக்க அவரிடம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கவும் முடியாது. அவருக்கு என்ன வரும், என்ன வராது என்று உள்ளே போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது நாம்தான். வாசலில் நின்றே காலம் தள்ளுகிற நம் ஆட்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

உட்கார்ந்தேன். என் ராகத்திலேயே எழுத்தெழுத்தாக இழுத்து வாசித்தேன். சந்திரா என் பின்னால் இழுத்தாள். அந்த அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துக் கூடவே வந்தார்கள். நாளையிலிருந்து நான் இல்லாத நேரத்தில் அவர்கள்தானே பார்க்க வேண்டும். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பிள்ளைக்கு வெகுநேரம் ஒன்றும் ஏறவில்லை.

பிறகு படத்தை நான் மறைத்துக்கொண்டிருக்கும்போதே, “ப... ட... கு” என்றாள். “படகு.” அந்த ஒரு சொல்தான். என் மலை ராகத்தில் அப்படியே இழுத்துச் சொன்னாள். பிலோமினம்மா “த்ரே பியன்!” என்று பிரெஞ்சில் மெச்சிக் கைதட்ட, “மெர்சி” என்று பிள்ளையும் பிரெஞ்சிலேயே நன்றி சொன்னாள்.

நான் படத்தின் மேலிருந்த கையை எடுத்தேன்.

“ப்பா, நம்ம இதுலதான வந்தோம்?”

“இது சின்னதும்மா. நாம வந்தது கப்பல்.”

“இது எந்தப் பக்கம் போவுது?”

பார்த்தேன். நீல நிறத் தண்ணீர், நடுவில் படகு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரை போட்டிருக்கவில்லை. அடுத்த சொல்லில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன்.