விரல் பள்ளங்கள்

குரோம்பேட்டையில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, தான் செய்த கத்தியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அந்த வீட்டில் நம்புகிறார்கள்.

"பேப்பர்ல வேலை பாக்கறீங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க சார்."

அவர் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். தரையில் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அப்படியென்றால் அரிவாள்மனையும் இல்லை. சமையலுக்கு ஆள் வைத்துவிடலாம் என்று பெங்களூரிலிருந்து மகன் வற்புறுத்திக்கொண்டிருந்தான். அந்த அம்மாவுக்குத் தன் அடுப்படியில் வேறு யாரும் நிற்பது பிடிக்காது. கடையில் வாங்கிய கத்திகள் எதுவும் அவர் கைக்கு வாகாக இல்லை. அதனால்தான் இது.

எடுத்துப் பார்த்தேன். மெஷின் ரம்பத்தின் தேய்ந்த பிளேடில் செய்தது. மடக்குகிற கத்தி அல்ல. கைப்பிடியின் கடைசிவரை ஒரே இரும்பு ஓடியது. இரண்டு பக்கமும் தேக்கு. ரிவிட்டுகளின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. கூர் நுனிவரை ஒரே சீராக இருந்தது. சாணை பிடித்த சூட்டில் நிறம் மாறிய இடம் ஒன்றுகூட இல்லை. கைப்பிடியின் அடிப்பக்கத்தில் நான்கு விரல்களுக்கும் நான்கு பள்ளங்கள். பிடித்ததும் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல சார்," என்றேன்.

"நறுக்கப்போறது அவரா, நானா?" என்றபடி அந்த அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கத்தியை இடது கையில் செங்குத்தாக நிறுத்தி, கூரைத் தன் பக்கம் திருப்பினார். வலது கையால் ஒரு கத்தரிக்காயை அதன்மேல் தள்ளினார். அரிவாள்மனையில் கத்தி நிற்கும், காய்தான் நகரும். அவர் கை அப்படித்தான் பழகியிருந்தது. காய் சுத்தமாகப் பிளந்தது. ஆனால் இரண்டாவது காயிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிட்ட பள்ளங்களுக்கு இடையிலிருந்த மேடுகள் அழுந்திய இடம் சிவந்திருந்தது.

"பலகையில வச்சு, மேலேர்ந்து அழுத்தி நறுக்கணும்மா," என்றார் கணவர்.

"அம்பது வருஷமா நறுக்கறேன். இப்ப உங்ககிட்ட டியூஷனா?"

கணவர் பள்ளங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். அந்தக் கத்தியில் அதிக நேரம் எடுத்தது அவைதான் என்று எனக்குத் தோன்றியது.

"அழகாத்தான் இருக்கு," என்றார் அந்த அம்மா, குரலைத் தணித்து. "ஆனா கையில குத்துதே."

கணவர் கத்தியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். பட்டறைப் பிடியில் அதை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அரம் ராவும் சத்தம்.

அடுத்த ஞாயிறு போனபோது கைப்பிடி மொழுக்கென்று, எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றுபோல இருந்தது. பார்க்கச் சாதாரணக் கட்டை. மேசையில் ஒரு பாத்திரம் நிறைய நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீரில் கிடந்தது. அப்போது மகனின் போன் வந்தது. கணவர் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சமையலுக்கு ஒரு அம்மா கிடைச்சிருக்காங்கம்மா. நாளைக்கே வரச் சொல்லவா?"

"வேணாம்டா," என்றார் மனைவி, அடுத்த காயைக் கத்திமேல் தள்ளியபடியே.