இறந்தவர்களுக்கு மூன்றாவதாகக் கொடுப்பது

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நானும் என் மனைவியும் ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் வேலை பார்த்தோம். மூவாயிரம் வருஷத்துக்கும் முன்னால் அனத்தோலியாவில், இன்றைய துருக்கியில், பேசப்பட்டு மறைந்த ஒரு மொழி. களிமண் பலகைகளில் உள்ளதைப் படித்து அகராதிக்குப் பொருள் எழுதித் தருவோம். அதில் ஒரு சொல் எங்களைப் படாதபாடு படுத்தியது. ஒரே பலகையில், ஒரே தடவைதான் வருகிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் அவருக்குத் தண்ணீர், ரொட்டி, மூன்றாவதாக அந்தச் சொல். அதோடு பலகை உடைந்துவிட்டது.

முக்காலி என்றேன் நான். போர்வை என்றாள் அவள்.

"செத்தவங்க உட்கார்ந்து என்ன பண்ணப் போறாங்க? அவங்களுக்குக் குளிராதா?" என்பாள். வீட்டுச் சண்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி அகராதிக்காரர் கேலி செய்வார்.

முடிவாகும் முன்பே, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் அகராதிக்காரர் கெடு வைத்தார். அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு பொருளை எழுதித் தந்தாக வேண்டும். சிதைந்த எழுத்தைச் சோதிக்க, எங்கள் வழக்கப்படி ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அதையே அழுத்திப் பார்த்தேன். மேல்விளிம்பில் அடையாளத்துக்கு ஒரு கீறல் போட்டேன். அறையைப் பூட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால்... களிமண் கவிழ்ந்து கிடந்தது.

புத்தகப் பக்கம் புரட்டுவது போல அல்ல. என் கீறல் கீழே வந்திருந்தது. பலகை படிக்கிறவர்கள் பின்பக்கம் பார்க்க மேலிருந்து கீழாகத் திருப்புவது போல. அந்த அறையில் அப்படித் திருப்பத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

மூலையில் ஒரு பெருவிரல் பதிவு. குறுக்கே தழும்பு. தையல் ஊசி ஏறிய அவள் விரல்.

கிரீச்... அவள் நாற்காலி நகர்ந்தது.

ஜன்னலில் நல்ல வெயில். என் மூச்சோ புகையாக வந்தது.

"குளிருதுங்க..."

அவள் குரல்.

நான் ஓடவில்லை. ஆணியில் தொங்கிய அவள் சால்வையை எடுத்தேன். காலி நாற்காலிக்குப் போர்த்தினேன்.

சால்வைக்குள் இரண்டு தோள்கள் தெரிந்தன...

மெல்லச் சரிந்தன.

போர்வை என்றே எழுதி, அவள் பெயரில் அனுப்பினேன். அதன்பின் தினமும் களிமண் பிசைந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வரவில்லை.

போன வாரம் அகராதிக்காரர் ஒரு படம் அனுப்பினார். வேறோர் அருங்காட்சியகத்தில் கிடந்த துண்டு ஒன்று, எங்கள் பலகையின் உடைந்த விளிம்போடு பொருந்திவிட்டதாம். உங்க வீட்டம்மா சொன்னதுதான் சரி என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு அடுத்த வரி இது:

'அதை அவருக்குப் போர்த்து. இறந்தவர் இனி இந்த வீட்டுக்குத் திரும்பமாட்டார்.'

சால்வையை எடுத்து ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

குளிரட்டும் அவளுக்கு.

வரட்டும்.