சிலுப்பாத கிடா

எங்கள் மாமாவை வைத்துக்கொண்டு ஒருவேளைச் சோற்றை நிம்மதியாகத் தின்ன முடியாது. அம்மாவின் தம்பி. ஈப்போவில் லோரியில் கெலிண்டான் வேலை. டிரைவர் ஓட்டுவார், இவர் சாமான் ஏற்றி இறக்குவார், மிச்ச நேரமெல்லாம் ஊரை வேடிக்கை பார்ப்பார். அங்கே அவர் இருந்த குனோங் ராபாட்டிலிருந்து பஸ் பிடித்து, பீடோர் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இருக்காது. வாய் நிறையச் சங்கதி இருக்கும்.

நான் ரசத்தை வாயில் வைக்கும்போதுதான் கூரையைக் காட்டுவார். "டேய், பல்லிக்குக் கண்ண மூட எமையே இல்ல, தெரியுமா? நாக்க நீட்டி நக்கித்தான் கண்ணத் தொடைக்கும்."

அதற்குப் பிறகு ரசம் எங்கே இறங்கும்? பொய் சொன்னாலாவது கேலி செய்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். அன்று முழுக்கப் பல்லியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நக்கித் தொலைத்தது.

ஒருமுறை லயத்து நாயைக் குளிப்பாட்டினார். அது உதறியதில் என் சட்டை முழுதும் நனைந்துவிட்டது. "காதுல தண்ணி போச்சுலா, அதான். நாயோ ஆடோ, காதுல தண்ணி போனா தலையிலேர்ந்து வாலு வரைக்கும் ஒதறாம நிக்காது" என்றார். நான் சட்டையைப் பிழிந்துகொண்டே முனகினேன். அக்கா மட்டும் வாசலில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம்தான் தோட்டத்து லோரி இடித்து அப்பாவின் கால் முறிந்திருந்தது. அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போனாள். கால் சரியானால் கிடா வெட்டுவதாக அம்மா முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டாள். வீட்டில் ஒரு கிடா இருந்தது, அக்கா குட்டியிலிருந்து வளர்த்தது. அவள் வேலைவிட்டு வந்து முதலில் அதற்குத்தான் தழை போடுவாள். அப்பாவின் கால் கூடியது. எனக்குக் கால் பற்றிச் சந்தோஷம்தான். கறியைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

திருவிழா அன்று கிடாவுக்கு மாலை போட்டுக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் அரிவாளைத் தூக்குவார்கள். கிடா நின்றது. மறுபடி ஊற்றினார். மாலையில் இருந்த பூவை எட்டிக் கடித்து மென்றது.

"என்ன கொறை வச்சோம், தெரியலையே!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்லா பாக்குறீங்க? நான் குடிக்கல!" என்றார் அப்பா. பிறகு, யாரும் கேட்காமலே, "நேத்து மட்டும் கொஞ்சம்" என்றார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைத் திட்டத் தொடங்கினாள். வெயில் ஏறியது. வயிறு கத்தியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா! காதுல ஊத்தச் சொல்லுங்க! நீங்கதான சொன்னீங்க!"

கூட்டம் மாமாவைப் பார்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய சங்கதி ஒன்று ஊருக்குப் பயன்படப்போகிறது. மனிதர் துள்ளிக் குதிக்க வேண்டாமா? தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாக வந்தார். பூசாரி காதிலேயே ஊற்றினார். அசைவில்லை. மாமா குனிந்து காதை விரித்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் தலையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளில் ஊறிய பஞ்சு, அழுத்தி அடைத்திருந்தது.

மாமா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, உள்ள பஞ்சு..." என்று நான் தொடங்கியதுதான் தாமதம், டீசல் நாறும் உள்ளங்கை என் வாயை மூடியது.

"காது சுத்தமா இருக்கு, பூசாரியண்ணே" என்றார் மாமா. "சாமிக்கு இஷ்டமில்லன்னா நாம என்ன செய்ய? கட்டாயப்படுத்துனா அப்புறம் அவரு காலுக்குத்தான் ஏதாச்சும் ஆகப் போகுது."

அப்பா அவசரமாகக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதோடு முடிந்தது. கிடாவைக் கோயிலுக்கென்று நேர்ந்துவிட்டு வீட்டிலேயே வளர்க்கச் சொல்லிவிட்டு, பூசாரி ஒரு சேவலை வெட்டினார். ஒரு சேவல், இத்தனை வாய். என் பங்குக்குக் கழுத்து வந்தது. ஒரு வருடமாகக் காத்திருந்தவனுக்குக் கழுத்து!

சாயங்காலம் மாமாவைக் கொல்லையில் மடக்கினேன். கிடாவுக்கு அக்கா தழை ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது வலித்தால் அம்மா பஞ்சு வைப்பாள். ஆகவே விஷயம் எனக்குத் தெளிவாகவே இருந்தது.

"காது வலிக்கிற ஆட்ட வெட்டக் கூடாதா மாமா? அதுக்கு ஏன் என் வாயப் பொத்துனீங்க?"

மாமா என்னைக் கிடாவின் பக்கம் இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டேய், ஆட்டுக்கு மேல முன்னம்பல்லே கெடையாது, தெரியுமா?"

"சும்மா அளக்காதீங்க!"

"கைய விட்டுப் பாருலா."

எப்போதும்போல நான்தான் விழுந்தேன். அக்கா கிடாவின் தலையைப் பிடித்துக்கொடுத்தாள். விரலை விட்டுத் தடவினேன். கீழே பல், மேலே வெறும் ஈறு. சரியாக இருந்து தொலைத்தது. "இல்லவே இல்லக்கா!" என்று நான் கத்த, அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிடாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கி வெகுநேரம் ஓயவில்லை. இதில் இவ்வளவு நேரம் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.