போய் வரும் கை

குணசேகரன் மேஸ்திரி பதினெட்டு வருஷமாகப் பக்கிரிக்கு ஐயாயிரம் ரூபாய் பாக்கி. மேஸ்திரி மூன்றாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் திருவாரூர்ப் பக்கம் அவர் கை படாத அரிசி மில் கிடையாது. நெல் சலிக்கும் சல்லடையைச் சக்கரத்தோடு ராடு போட்டு இணைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முதல் சல்லடை மட்டும் தவறியது. அது இரண்டு அங்குலம் போய்வர வேண்டும் என்று, ராடு மாட்டும் முளையைச் சக்கரத்தின் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வெல்டு வைத்தார். சல்லடை நாலு அங்குலம் ஆடி, நெல் கூரைவரை பறந்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பக்கிரிதான் சொன்னான்:

"அண்ணே, முளை அந்தப் பக்கமும் போவுது, இந்தப் பக்கமும் வருதுல்ல. பாதி வச்சாப் போதுமே."

"பலிச்சா பத்தாயிரம் கூலியில பாதி உனக்குடா."

பலித்தது. பேரும் கூலியும் மேஸ்திரியோடு நின்றுவிட்டன.

போன மாதம் பக்கிரி இறந்தான். அதிலிருந்து எந்த மில்லுக்குப் போனாலும் அந்த ராடு அவன் கையாகவே தெரிந்தது. நீளும், வெறுமையாய்த் திரும்பும். மோட்டாரை அணைத்த பிறகும் இரண்டு தடவை நீண்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. பட்டப்பகலில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

பக்கிரியின் மனைவி பூவம்மாளிடம் பணத்தோடு போய் நின்றார்.

"எதுக்குன்னு சொல்லிட்டுக் குடுங்க மேஸ்திரி. தர்மமுன்னா வேணாம்."

யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "அந்த அளவு என்னுது இல்ல தாயி. உன் வீட்டுக்காரன் சொன்னது."

அவள் கையை விரித்தாள். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.