பாட்டில் மட்டும் பேசிய மிஷ்லின்

மிஷ்லினுக்குப் பாரிசவாதம் வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில். காலையில் நான் கதவைத் திறந்தபோது பியானோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியிலிருந்த அந்த வீட்டில் நான் சில வருடங்களாக வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோ வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வீட்டுவேலைதான். ஆனால் என் சிஞ்ஞோரா மிஷ்லினைப் போல ஓர் எஜமானி வேறெவருக்கும் வாய்க்கவில்லை. பிரான்சில் லியோன் நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். சின்ன வயதிலேயே பாரிசுக்கு ஓடிப்போய், நிலவறைக் கபரே அரங்குகளில் பியானோ வாசித்து, தானே கட்டிய பாட்டுகளைப் பாடியவர். மந்திரிமார், பாதிரிமார், பெண்சாதிக்குப் பொய் சொல்லும் புருஷன்மார், ஒருவரையும் விட்டுவைக்காத பாட்டுகள். பிறகு பலெர்மோக்காரக் கிளாரினெட் கலைஞர் ஒருவரோடு காதலாகி, மகன் செட்ரிக்கைத் தன் தாயிடம் விட்டுவிட்டு இங்கே வந்தார். அந்த மனிதர் செத்துப்போக, வுச்சீரியாச் சந்தையின் மதுக்கடைகளில் பாடிப் பிழைத்தார்.

அந்த வாய்தான் இப்போது தண்ணீர் என்று கேட்கமாட்டாமல் கிடந்தது. பேச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் மிஷ்லின், அசைக்க முடிந்த இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொள்வார்.

ஒருநாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பாடத் தொடங்கினார். பிரெஞ்சுப் பாட்டு. ஒரு சொல் தடக்கவில்லை. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பாட்டு முடிந்ததும் பழையபடி வெறும் முனகல்.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்த மொழி அவ்வளவுதான். தாகம் என்றால் குடிகாரப் பாதிரியின் பாட்டு. நோவு என்றால் வேறொன்று. சிலவேளை சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வரும் பாட்டு வேறொன்று. வாய் பகிடிப்பாட்டைப் பாடப்பாட, கண்ணிலிருந்து நீர் ஒழுகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அடுத்த வருடம் கூரை இடிந்து விழுந்தது. ஆட்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் செட்ரிக்குக்குப் போன் பண்ணினேன். வந்தார். லியோனில் பஸ் ஓட்டுகிறவர், தலை நரைத்துவிட்டது. தாய் முன்னால் முழங்காலில் இருந்தார்.

“அம்மா, லியோனில ஒரு முதியோர் இல்லத்தில இடம் கிடைச்சிருக்கு. வாறீங்களா?”

மிஷ்லின் வாயைத் திறந்தார். பொய் சொல்லும் புருஷனின் பாட்டு வந்தது.

செட்ரிக் எழும்பி என்னிடம் தட்டுத்தடுமாறிய இத்தாலியனில் கேட்டார்: “என்னை நக்கலடிக்கிறாவோ?”

“இல்லை. வேறை ஒண்டும் அவவுக்கு வராது.”

மிஷ்லின் பியானோவைக் காட்டினார். சக்கரக் கதிரையோடு தள்ளிக்கொண்டுபோனேன். இடது விரலால் ஒரு கட்டையைத் தட்டினார், பிறகு இன்னொன்றை. சரிவராமல் மீண்டும் மீண்டும் தட்டினார். முகமெல்லாம் வியர்வை. கடைசியில் சின்னதாக ஒரு மெட்டு வந்தது. நான் ஒருநாளும் கேட்டிராத மெட்டு. அதன்மேல் ஏறிச் சொல்லும் வந்தது.

“நொன்... நொன், செட்ரிக்...”

வேண்டாம் என்கிறார். அதைச் சொல்வதற்கென்றே ஒரு புதுப்பாட்டுக் கட்டியிருக்கிறார்.

செட்ரிக் பியானோவில் தலையை வைத்து அழுதார். “விளங்குது அம்மா. ஆனா உங்களை இஞ்சை எங்கை விட்டிட்டுப் போறது?”

எனக்கும் வழியில்லை. போர்கோ வெக்கியோவில் ஒரே அறையில் நாங்கள் ஐந்துபேர்.

துறைமுகத்தில் கப்பலேறும்போது என் சட்டையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. செட்ரிக் விரல் விரலாகக் கழற்றினார்.

அந்த இல்லத்தில் அவர் பாடுவது மற்றக் கிழவர்களுக்குக் கரைச்சலாம். அமைதியாக இருக்க மருந்து கொடுத்தார்கள். “பாடுறதை விட்டிட்டா,” என்று செட்ரிக் போனில் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பக்கத்தில் இருக்கிறாராம். மிஷ்லின் கண்ணைத் திறப்பதேயில்லையாம்.

தொண்ணூற்றெட்டில் இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் வேறொரு சிஞ்ஞோராவின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு, மிச்ச மீனையும் வெட்டினேன்.