நான் கட்டிய மதிலும் உப்பான கிணறும்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்கு அப்பால் எங்கள் ஊரில் நடந்த சங்கதி இது. மலாயாவில் ரயில் பாதை போடும் பகுதியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு வந்து இறங்கியிருந்தேன். மலாயாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: உலகத்தில் எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற வியாதி. எனக்கு அது கொஞ்சம் கடுமையாகவே பிடித்திருந்தது.

வந்த வருடமே வேலிச் சண்டை. பக்கத்து வளவுக்காரர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தமையன், அதாவது எனக்கு மச்சான். வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிட்டேனாம். ஒரு விரற்கடை! அதற்காக ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்படி கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு கதைபேச்சு நின்றது. இனி இந்த ஓலை வேலிச் சனியனே வேண்டாம் என்று, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு வளவைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கல்மதில் கட்டத் தொடங்கினேன். என் வளவுக்குள் இருந்த கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு என்பதால், அவர் வந்து போக ஒரு படலை மட்டும் விட்டேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவருடைய புகையிலைத் தோட்டம். அவருக்குப் பென்சன் இல்லை; அந்தத் தோட்டம்தான் சோறு.

மேசன் கல் வைத்துக்கொண்டிருந்தபோது மச்சான் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கிய ஒழுங்கைப் பாதையில் வந்து நின்றார். கதைக்காத ஆளுக்குச் செய்தி சொல்ல எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. மாட்டுக்கோ நாய்க்கோ சத்தமாகச் சொல்ல வேண்டியதுதான்.

"கேட்டியோடா, மாரி வெள்ளம் இந்த வளவாலை பூந்துதான் பின்னாலை குளத்துக்குப் போறது. குளம் நிரம்பினால்தான் கிணறு ஊறும். மதிலைக் கட்டினால் வெள்ளம் எங்கை போறது, உன்ரை தலைக்கு மேலாலையோ?" என்று மாட்டைக் கேட்டார்.

மாடு பதில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொறாமை என்று முடிவு கட்டி, மேசனிடம் இன்னும் ஒரு வரி கல் கூட்டி வைக்கச் சொன்னேன்.

அந்த மாரி நல்ல மழைதான். வெள்ளம் மதிலில் முட்டி, திரும்பி, ஒழுங்கையோடு ஓடித் தெருவுக்குப் போய்விட்டது. குளத்தில் முழங்காலளவுகூட நிற்கவில்லை. நானோ முற்றத்தில் ஒரு சொட்டுச் சேறு இல்லை என்று செருப்போடு உலாவிக்கொண்டிருந்தேன். என்ன மனிதனடா நான்!

மாசியில் கிணறு அடியில் போய்விட்டது. வைகாசி வரை தாங்குகிற கிணறு. புகையிலை இடுப்பளவு நிற்கிறது, தண்ணீர் இல்லை. இதெல்லாம் ஒரு பிரச்சினையா, மலாயாவில் மலையையே உடைத்தவன் நான் என்று கல்லுடைக்கிற ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். கிணற்றில் இறங்கிப் பார்த்த மூத்தவர், "இதுக்குக் கீழை போறது நல்லதில்லை ஐயா, உப்பு வந்திடும்" என்றார். நான் அவருக்கு மலாயாப் பாறைகளைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். தலையைச் சொறிந்துகொண்டு வெடிமருந்து வைத்தார். மச்சானும் வந்து கயிறு பிடித்தார், என் முகத்தைப் பாராமல். பயிர் வாடுகிறவனுக்கு வேறு என்ன வழி?

வெடித்தது. குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது. அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் காலை மனைவி தேநீரை என் முன்னால் தட்டென்று வைத்தாள். "உங்கடை மலாயாப் புத்தியாலை ஒரு லாபம். இனிச் சோத்துக்கு உப்புப் போடத் தேவையில்லை" என்றாள். குடித்துப் பார்த்தேன். கரித்தது.

அதற்குள் மச்சான் தோட்டம் முழுக்க இரண்டு தரம் இறைத்துவிட்டிருந்தார். பத்து நாளில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. படலையைத் தாண்டிப் போனேன். வரம்பில் ஒரு இலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும், அந்த வருடத்தில் முதல் தடவையாக நேரே கதைத்தார்.

"நான் மாட்டுக்குச் சொன்னது உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"கேட்டதோ! பிறகேன் காணும் கட்டினீர்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மாட்டுக்குச் சொன்னதை என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே!" என்று கத்தினேன்.

"சொன்னால் கேட்டிருப்பீரோ?" என்றார்.

திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை, மதில் கட்டிய அதே மேசனைக் கூப்பிட்டு, மாடு நுழைகிற அகலத்தில் மூன்று இடத்தில் அடியோடு இடிக்கச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. கிணற்றின் அடியில் வெடித்த இடத்தைக் களிமண்ணும் கல்லும் போட்டு இறுக்கினோம். கோடை முழுக்க நானும் மச்சானும் ஊரவர் சிலரும் குளத்தில் சேறு அள்ளினோம். வேலை செய்த நேரமெல்லாம் அவர் என்னைத் திட்டினார். நான் சேற்றைக் கூடை கூடையாகச் சுமந்தேன். மாரி வந்தது. ஒழுங்கையிலிருந்த சாணம், சருகு, செத்த எலி எல்லாம் என் முற்றத்துக்குள்ளால் ஊர்வலம் போயின. மனைவி ஆசையாக வைத்த பூச்செடிகளும் கூடவே போயின. குளம் நிரம்பியது.

கிணறு? இரக்கமே இல்லை. அந்த வருடமும் உப்பு. மனைவி அரை மைல் நடந்து கோயில் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள். குடத்தை இறக்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு அர்ச்சனை நடந்தது. மச்சான் சொந்தத் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, வேறு ஆட்களின் தோட்டத்தில் கூலிக்கு இறைத்தார். அதிகாலையில் அவர் மண்வெட்டியோடு என் வாசலைக் கடந்து போகும்போது நான் உள்ளே போய் நின்றுகொள்வேன். இரண்டாம் மாரிக்குப் பிறகு மாடு குடித்தது. மூன்றாம் மாரி கழிந்து தைப் பிறப்பன்று, மச்சான் வாளியை விட்டு அள்ளி, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பி, அடுத்த வாயை விழுங்கினார். "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானத்தில் நான் கெடுத்த தண்ணீரைத் திருத்த மழைக்கு மூன்று வருடம் பிடித்தது. ஆனால் அந்த மனிதர் இழந்த பயிரை எந்த மழையும் திருப்பித் தரவில்லை என்பதால், தினமும் காலையில் அவர் வந்து முதல் வாளியை அள்ளும்வரை இன்றைக்கும் நான் அந்தக் கிணற்றில் கை வைப்பதில்லை.