பிலோமினா அக்காவும் வெள்ளவத்தைக்குப் போன தூளும்

அன்று காலை நான் முதலில் கண்டது கதவைத்தான். பிலோமினா அக்கா வீட்டு முன்கதவின் இரண்டு பலகைகளும் அகலத் திறந்து கிடந்தன. எப்போதும் ஒரு பலகைதான் திறந்திருக்கும். மற்றதையும் திறந்தால் மிளகாய் வறுக்கும் நெடி நேரே எதிர்வீட்டுப் பெரியவரின் கட்டிலுக்குப் போகும், அவர் மூச்சு இழுக்கும் தொய்வுக்காரர். இன்றைக்கு வறுவல் இல்லைப் போலும் என்று நினைத்தபடி குழாயடியில் நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. அதன் பிறகுதான் அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் வாசற்படியில் இருப்பதையும், அவரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பதையும் கண்டேன். அம்மா பின்னால் வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினார். "பிலோமினா போயிட்டா, பிள்ளை. விடியப்புறம் நெஞ்சு நோகுதெண்டு எழும்பி இருந்தவவாம். அவ்வளவுதானாம்" என்றார்.

நான் அழவில்லை. முந்தின நாள் காய வைத்த கொத்தமல்லியை யார் எடுப்பார்கள் என்பதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. அது ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வாசிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் கோயில் மாதர் சபைச் செயலாளர் என்னைக் கேட்டார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. "நீ எழுது, நான் வாசிக்கிறன். அவவோட கூட இருந்தது நீதானே" என்றார். அது உண்மை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் இருக்கும் உங்கள் வீடுகளில் எல்லாம் அவருடைய தூள்தான் கறிக்குப் போனது. அவரை எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் அவரோடு இருந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் எனக்குத்தான் அவரை ஆகக் குறைவாகத் தெரியுமோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவின் கை சுகமில்லாமல் போய் நான் பள்ளிக்கூடம் விட்ட வருடத்தில் அவரிடம் போகத் தொடங்கினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உலக்கை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கட்டையில் இருத்தினார்.

"இடிக்க எனக்குக் கை இருக்கு. நீ இதிலே இரு. வறுபடேக்கை எப்ப நல்ல வாசம் வருகுதெண்டு சொல்லு."

"எனக்குத் தெரியாது, அக்கா."

"தெரியாட்டி நல்லது. தெரிஞ்சவையோட வேலை செய்யேலாது."

செத்தல் மிளகாய், கொத்தமல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, கடைசியில் வெந்தயமும் கருவேப்பிலையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாச்சியில் போட்டு வறுப்பார். காதைச் சற்றே சாய்த்துக்கொண்டு அகப்பையைச் சுழற்றுவார். வெடிப்புச் சத்தம் மாறும்போது என் பக்கம் திரும்பி, "வந்திட்டுதோ?" என்பார். நான் தலையாட்டினால் அந்தக் கணமே தாச்சி இறங்கும். ஆட்டாவிட்டால் அகப்பை திரும்பவும் சுழலும். அவர் என்னைப் பழக்குகிறார் என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். பிழையாகச் சொன்னால் அவர் திருத்துவார் என்ற துணிவில்தான் தலையாட்டினேன். நாலு வருடத்தில் அவர் ஒரு தரம்கூடத் திருத்தவில்லை.

அளவு கேட்டு வந்த யாருக்கும் அவர் மறைக்கவில்லை. ஒரு கொத்துக் கொத்தமல்லிக்கு ஒரு இறாத்தல் செத்தல் என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புவிப்பார். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டு, எதையோ ஒளித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். "உண்மையைச் சொன்னாலும் நம்பினமில்லை. இனிப் பொய்தான் சொல்லிப் பாக்கவேணும்" என்று சிரிப்பார். இன்னொன்றும் சொல்வார்: "கறி பிழைச்சால் தூளைத் திட்டுவினம். கறி நல்லா வந்தால் தங்கட கையைப் புகழுவினம். நாங்கள் ரெண்டுக்கும் தலையை ஆட்டுவம்."

இனி அந்த வெள்ளவத்தைத் தூளைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டில் கலியாணம். பெண்ணின் தாய் தம் மைத்துனரோடு காரில் வந்தார். தூள் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று இருவரும் அடுப்படி வாசலில் நின்றார்கள். மிளகாய் நெடிக்கு அந்த அம்மா கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மைத்துனரும் அப்படியே. ஆனால் கைலேஞ்சிக்குப் பின்னாலிருந்து அவர் பந்தலைப் பற்றியும் கதிரைகளைப் பற்றியும் உரத்த குரலில் கதைத்துக்கொண்டே இருந்தார். தாச்சியில் கொத்தமல்லி.

"வந்திட்டுதோ?" என்று அக்கா கேட்டார்.

வந்துவிட்டது. நன்றாகவே வந்திருந்தது. நான் தலையை அசைக்குமுன் அந்த ஐயா என்னைக் கண்டுவிட்டார். "இதென்ன, இந்தப் பிள்ளையைக் கேட்டோ சமையல் நடக்குது? பிள்ளை ஊமையோ?" என்றார். என் தலை தானாகவே குனிந்துகொண்டது. "வந்திட்டுதோ, பிள்ளை?" என்று அக்கா இரண்டாம் தரம் கேட்டார். நான் அசையவில்லை. இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் அகப்பையைச் சுழற்றினார். புகை மண்டியிருந்தது. அந்த ஐயாவின் குரலில் வெடிப்புச் சத்தமும் கேட்டிருக்காது. அவர்கள் போனபின் நான் நிமிர்ந்தபோது கொத்தமல்லி கருகின மணம் அடுப்படி முழுவதும் நின்றது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். அக்காவுக்கும் மணந்திருக்கும்தானே, அவர் போதும் என்று விட்டால் போதும்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் கொத்தமல்லி மற்றவற்றோடு உரலுக்குப் போனது.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கார் திரும்பவும் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. அதன் பிறகு நடந்ததை உங்களில் பலர் வாசலில் நின்று கேட்டீர்கள்.

"இறைச்சிக் கறி மருந்து மாதிரிக் கசந்து போச்சு. சம்பந்தி வீட்டார் வாயிலே வைச்சிட்டு ஆளை ஆள் பாத்தவை. என்ர மகள் அந்த வீட்டிலே காலம் முழுக்க இந்தக் கதையைக் கேக்கப் போறாள்" என்றார் அந்த அம்மா.

"என்ர பிழைதான், அம்மா. கதையிலே கவனம் போயிட்டுது" என்றார் அக்கா.

நான் குழாயடித் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெள்ளவத்தையிலிருந்து அதன் பிறகு யாரும் தூள் கேட்டு வரவில்லை. அக்கா என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடுத்த வறுவலன்று, தாச்சியை வைக்குமுன், "நீ வாய் திறக்கவும் வேண்டாம், தலை ஆட்டவும் வேண்டாம். வாசம் வந்தால் என்ர சீலைத் தலைப்பை ஒருக்கா இழு. ஆருக்கும் தெரியாது" என்றார். என் கூச்சத்துக்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்து அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகு இன்றுவரை நாங்கள் அப்படித்தான் வறுத்தோம்.

"இன்றுவரை" என்று எழுதிவிட்டேன். திருத்தாமல் விடுகிறேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம். படத்துக்கு முன்னால் சாம்பிராணி போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ, பிலோமினாவுக்கு இந்த வாசம் விருப்பம்" என்று யாரோ சொன்னார். மன்னாரிலிருந்து வந்திருந்த அக்காவின் தங்கை கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அக்காவுக்கு ஒரு மணமும் தெரியாதே. பத்து வயசிலே ஒரு காய்ச்சல் வந்தது. அதோட போனது."

சேவியர் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "விசர்க் கதை கதையாதை. காலமை நான் கோப்பி ஊத்த, அந்த மணத்துக்குத்தான் அவ எழும்பிறவ."

"அது கோப்பைச் சத்தம், அத்தான்."

அவர் "இருபது வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் வாசற்படியில் இருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. அவர் மீன்காரரிடம் எப்போதும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார். மீன்காரர், "நோனா, இப்பத்தான் கடலாலே வந்தது" என்று அரைத் தமிழில் சத்தியம் செய்வார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமர்த்திப் பார்த்து, கடைசியில் மீனை என் முகத்துக்கு நேரே பிடிப்பார். நான் முகத்தைச் சுளித்தால், "மீன் பொய் சொல்லேல்லை, நீர்தான் சொல்லுறீர்" என்று அவரைக் கேலி செய்துவிட்டு நடப்பார். ஒருமுறை எங்கள் வீட்டில் சாமான் தட்டுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்து வீடே நாறியது. அவர் அதன் பக்கத்தில் இருந்து ஆறுதலாகத் தேங்காய் துருவினார். எங்கள் மனம் நோகாமல் இருக்கப் பொறுத்துக்கொள்கிறார் என்று அம்மா சொன்னார். மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் நீங்கள் நாலு வருடமாக மெச்சிச் சாப்பிட்ட தூள் எப்போது போதும் என்று சொன்னது யார்? ஒன்றும் தெரியாத நானா? நான் பாதி நாள் யோசனையில் இருந்தபடி தலைப்பை இழுத்திருக்கிறேன். தடிமன் பிடித்து மூக்கடைத்த நாட்களில் குத்துமதிப்பாக இழுத்திருக்கிறேன். அந்தத் தூளையும் நீங்கள் நன்றாயிருக்கிறது என்றீர்கள். இதில் எது யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இதைவிட என்னைக் குழப்புவது இன்னொன்று. அவர் என்னை விரும்பினாரா, என் மூக்கு அவருக்குத் தேவைப்பட்டதா? என் கூச்சத்துக்காக என்று நான் நினைத்துக்கொண்ட அந்தச் சீலைத் தலைப்பு, இன்னொரு தாச்சி கருகாமல் இருக்க அவர் கண்ட வழிதானா? போன வருடம் செத்தல் மிளகாய்க்குத் தட்டுப்பாடு வந்து நாலு மாதம் வறுவலே இருக்கவில்லை. அந்த நாலு மாதமும் என்னை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் கதைத்தார். பார்த்தாயா, வறுவல் இல்லாமலும் கூப்பிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே, அந்த நாலு மாதமும் அவர் மீன் வாங்கினாரே என்ற நினைவும் வரும். அக்காவின் தங்கையிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கக் கூடாதோ, பிள்ளை?" என்றார். இருக்கலாம். அக்காவிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பிலும் எனக்கு விடை கிடைத்திருக்காது.

போன கிழமை செயலாளர் வந்து நான் எழுதியது எவ்வளவு ஆயிற்று என்று பார்த்தார். கூட வந்த பெண்கள் அக்காவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். "ஒரே ஒரு தரம்தானே அவவுக்குப் பிழைச்சது. அந்த வெள்ளவத்தைத் தூள்" என்றார் ஒருவர். செயலாளருக்கு அது பிடித்துப்போயிற்று. "அதையும் சிரிப்பாய் ஒரு வரி போடு, பிள்ளை. ஒரு குறையும் சொன்னால்தான் சனம் மிச்சத்தை நம்பும்."

நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும். அவர்கள் போனபின் பேனையை எடுத்தேன். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. அக்கா இல்லாத வீட்டில் அவருடைய பிழையாகவே அது என்றும் இருக்கும். வருடா வருடம் பூசைக்குப் பிறகு யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெள்ளவத்தையில் சிரிக்காமல் சொல்வார்கள். ஆகவே மேலே எழுதியதை எழுதினேன். செயலாளர் இதை ஒரு சொல்லும் விடாமல் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை தாச்சியை எனக்குத் தர விரும்பினார். அது சேவியர் அண்ணனிடமே இருக்கட்டும் என்றேன். நான் வைத்துக்கொள்வது வேறு. நாலு வருடமாக ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்னதை நம்பித் தாச்சியை இறக்கினார். நான் சொல்லாமல் விட்டதையும் நம்பினார். அவருக்கு என் மூக்கு தேவைப்பட்டதோ என்னவோ, வேறு யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு முன்னால் வாசிக்கப்படும் முன்பு அந்த வெள்ளவத்தை அம்மாவுக்கு இது தெரிய வேண்டும் என்று தோன்றியது. சேவியர் அண்ணனிடம் அந்த வீட்டு விலாசம் கேட்டேன். சனிக்கிழமை காலை அக்காவின் தங்கை என்னோடு பஸ்ஸில் வந்தார். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் இறங்கிக் கடற்பக்கமாக நடந்து வீட்டைக் கண்டுபிடித்தோம். "உள்ளுக்கு நான் வரேல்லை. நீ போ" என்று அவர் வாசல் படலையடியில் நின்றுகொண்டார். நான் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவே வந்து திறந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆர், பிள்ளை?"

"கொட்டாஞ்சேனையிலே இருந்து வாறன். உங்கட மகளின்ர கலியாணத் தூள் கருகினது பிலோமினா அக்காவாலே இல்லை. என்னாலே."

"என்ன சொல்லுறீர்? ஒண்டும் கேக்கேல்லை" என்று அவர் காதைச் சாய்த்தார்.

நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.